கடலைக் காட்டிய அம்புக்குறி

பள்ளிக்கூட மைதானத்து வேம்பின் கீழே நின்று என் பொறுப்பில் தந்திருந்த, எங்கள் ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின் பெயர்ப்பட்டியலை மூன்றாம் தடவையாகப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் நேரே சரி போட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை. றிஸ்வான், என் இளைய மகள் ஷிப்னாவின் கணவர்.

அன்று எங்கள் ஊரில் சுனாமி ஒத்திகை. கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் இப்படி ஒன்றை இடைக்கிடை வைப்பார்கள். காலை பத்து மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சைரன் போடுவார்கள். கடற்கரை ஒழுங்கைகளில் இருப்பவர்கள், அங்கங்கே நட்டிருக்கும் பலகைகளின் அம்புக்குறியைப் பார்த்து மேற்கே நடந்து மைதானத்தில் கூட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கூடினார்கள். அம்புக்குறியை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். கால் பழகிய வழியில் வந்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் கதிரையோடு வந்து நிழல் பார்த்துப் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் வந்த வேகத்திலேயே ஒரு வேலிச் சண்டையைக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெண்களை முதலுதவி வகுப்புக்கென்று ஒன்பது மணிக்கே கூப்பிட்டிருந்தபடியால் என் மனைவியும் ஷிப்னாவும் முன்னமே அங்கே இருந்தார்கள். வீட்டில் றிஸ்வான் தனியே.

ஒத்திகை நடத்த வந்த உத்தியோகத்தரிடம் போய், "மருமகனைக் காணல்ல" என்றேன்.

"ஒராள்தானே. வீட்டில படுத்திரிப்பார். வந்தெண்டு போட்டுடுங்க, அறிக்கை அனுப்பணும்."

"அவருக்குக் காது கேக்காது. சைரன் விளங்கியிரிக்காது."

"அதுக்குத்தானே எல்லாருக்கும் ஃபோனில மெசேஜ் போட்ட."

மெசேஜ் போனது உண்மை. எனக்கும் வந்திருந்தது. 'அம்புக்குறியைப் பின்பற்றி ஒன்றுகூடும் இடத்துக்குச் செல்லவும்.' அந்த வரியை நினைத்ததும் பட்டியலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும் பலகையின் அம்புக்குறி கடலைக் காட்டுகிறது. அது எனக்குத் தெரியும். ஒன்பது மாதமாகத் தெரியும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. மெசேஜில் சொன்னபடி, வெளியே இருந்த காஸ் சிலிண்டரை மூடி, மின்சார மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டிருந்தார். நேரே கடற்கரைக்கு விட்டேன்.

இரண்டு வள்ளங்களுக்கு நடுவே, கொதிக்கிற மணலில் அவர் நின்றார். நெஞ்சோடு ஒரு பை. அதற்குள் வீட்டு உறுதிப் பத்திரம், அடையாள அட்டைகள், கலியாண எழுத்துப் பத்திரம், ஷிப்னாவின் கிளினிக் கொப்பி. மகள் அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, கைபேசியில் எழுதி நீட்டினார்.

"நாலு நிமிசத்தில வந்துட்டன் மாமா. வள்ளம் எப்ப வரும்?"

அவரில் ஒரு பிழையும் இல்லை. அவர் கடலே இல்லாத இறக்காமத்துக்காரர். அங்கே ஆபத்து என்றால் ஒன்று யானை, மற்றது வெள்ளம். குளம் நிரம்பி வயலும் வீடும் தாழ்ந்தால் வள்ளம் வந்துதான் ஆட்களை ஏற்றும். கடற்கரையில் வரிசையாக வள்ளம் நிற்கிறது, பலகையும் அங்கேதான் போகச் சொல்கிறது. படித்த மனிதர் வேறென்ன நினைப்பார்?

பலகை ஒழுங்கை கடந்த கதை

இந்தப் பலகை முதலில் எங்கள் வாசல் கடப்படிக்குப் பக்கத்தில்தான் நின்றது. மேலே ஓர் அலை, அதற்குத் தப்பி ஓடும் ஒரு மனிதன், கீழே மூன்று மொழியிலும் எழுத்து, தடித்த அம்புக்குறி. ஒழுங்கையில் நின்று பார்ப்பவருக்கு அம்பு வலது கையைக் காட்டும். வலது கை மேற்கு. பிழையே இல்லாத பலகை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஷிப்னாவுக்கு எங்கள் வளவிலேயே முன்பக்கமாக வீடு எழும்பியது. மதில் கட்டி, கேட் போட்டு, வர்ணம் பூசிப் பார்த்தால் கேட்டுக்கு நேர்முன்னே பலகை நிற்கிறது. 'சுனாமி அபாய வலயம்' என்று வேறு அதில் எழுதியிருக்கிறது.

என் மனைவி ஜெஸீமா நேரே சொல்லிவிட்டாள். "மாப்புள வந்து இறங்கக்குள்ள படம் எடுப்பாங்க. எல்லாப் படத்திலயும் அபாயம் எண்டு விழும். அத அங்கால எடுக்கச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டு மீரான் காக்கா கொத்தனார். கலியாண வேலை என்றால் தன் வேலைபோல நினைக்கிற ஆள். அலவாங்கு என்கிற கடப்பாரையோடு வந்து, "எங்க வைக்கிற?" என்று கேட்டார். நான் அப்போது பந்தல்காரரோடும் சமையல்காரரோடும் மாறி மாறி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "எங்கயாவது வைங்க காக்கா" என்றேன்.

வைத்தார். எப்படி வைத்தார் தெரியுமா? ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில், மட்டம் பிடித்து, அடியில் கல் அடுக்கி, சீமெந்து குழைத்து ஊற்றி, கம்பத்துக்குப் புதுச் சாயமும் அடித்து வைத்தார். பலகையில் ஒரு கீறல் விழவில்லை. ஒழுங்கையைப் பார்த்தபடிதான் வைத்தார். ஆனால் இங்காலே நின்ற பலகை அங்காலே போனால் வலது கை கிழக்காகிவிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

இதை எழுதும்போது எனக்கே என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது. ஏனென்றால் வழிகாட்டிப் பலகைகளைப் பொருத்திப் பூட்டுவதுதான் என் தொழில். வளைகுடா நாட்டு விமான நிலையம் ஒன்றில் பத்தொன்பது வருடம் ஏணியில் நின்று நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஓடும் மனிதனின் பூர்வீகம்

அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை இரண்டு கிழமை வகுப்பில் இருத்தினார்கள். குளிரூட்டிய அறை. முக்கால்வாசிப் பேர் நித்திரை. நான் மட்டும் விழித்திருந்தேன்; எனக்கு அது அவ்வளவு புதினமாக இருந்தது.

அம்புக்குறி என்பது ஆதியிலிருந்தே வழிகாட்டி இல்லையாம். பழைய காலத்து ஐரோப்பியத் தெருக் கம்பங்களில் ஒரு மனிதக் கையை, சுட்டுவிரல் நீட்டியபடி வரைவார்களாம். மணிக்கட்டில் சட்டைக் கைமடிப்புக்கூட இருக்குமாம். அந்தக் கை மெல்ல மெல்ல மெலிந்து, வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு இடம்விட்டதாம்.

இங்கிலாந்தில் பெருந்தெருக்கள் போட்டபோது, வேகமாக வருகிற சாரதிக்கு எந்த எழுத்துத் தூரத்திலேயே விளங்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு விமான ஓடுதளத்தில் ஆட்களை மேடை போட்டு உட்கார வைத்து, பலகையைக் காரின் கூரையில் ஏற்றி, அவர்களை நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். வாசிக்க முடிந்ததும் சொல்ல வேண்டும். ஒரு பலகைக்கு இவ்வளவு பாடு.

ஜப்பானியர்கள் தங்கள் ஊருக்கு ஒலிம்பிக் வந்தபோது, வருகிறவன் எவனுக்கும் தங்கள் எழுத்துத் தெரியாதே என்று கவலைப்பட்டார்கள். ஓவியர்களைக் கூட்டி உட்கார வைத்து, மலசலகூடத்துக்கு ஒரு படம், தொலைபேசிக்கு ஒரு படம், சாப்பாட்டுக்கு ஒரு படம் என்று வரைந்தார்கள். பிறகு அதே நாட்டில் பெரிய கடைகளில் தீப்பிடித்து, உள்ளே இருந்தவர்கள் வழி தெரியாமல் செத்துப்போனார்கள். அதற்குப் பின்தான் கதவை நோக்கி ஓடும் அந்தப் பச்சை மனிதன் பிறந்தான். இப்போது உலகம் முழுக்க ஓடுகிறான். எங்கள் ஒழுங்கையில் அலைக்குத் தப்பி ஓடுபவனும் அவனுடைய சொந்தக்காரன்தான்.

வகுப்பெடுத்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பலகையைப் பூட்டிவிட்டு ஏணியில் நின்று பார்க்காதே. இறங்கி, நூறு அடி பின்னால் போய், தோளில் பையைப் போட்டுக்கொண்டு, இந்த இடத்துக்கு முதன்முதலாக வருகிறவனாக நடந்து வா என்றார். பத்தொன்பது வருடம் அப்படித்தான் நடந்து வந்தேன். ஊருக்கு வந்து என் வீட்டு வாசலில்தான் நடக்கவில்லை.

நடந்தாலும் எங்கள் ஊரில் அது எடுபடாது என்பது வேறு விஷயம். இங்கே வழி கேட்டுப் பாருங்கள். "நேர போய், முன்ன தபால் கந்தோர் இருந்த மூலையால கிறுகி, சுனாமியில போன புளியமரத்தடிக்கு அங்கால மூணாவது வீடு." இல்லாத கந்தோர், இல்லாத மரம். ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை ஒருவரும் வாசிப்பதில்லை. பொதி கொண்டுவருகிற கூரியர்காரர் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அதே ஒழுங்கையில் பிறந்து வளர்ந்தவர் "அப்படி ஒண்டு இஞ்ச இல்லியே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கந்தோர் கந்தோராக

கலியாண விருந்தான வலீமா முடிந்து ஒரு கிழமைக்குள், காலைச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து பாண் வாங்கிக்கொண்டு வரும்போதுதான் கண்டேன். ஓடும் மனிதன் கடலை நோக்கி மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தான். பாண் பையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மீரான் காக்காவிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. "நாங்க சும்மாவா வெச்ச? அசையாது, புயலுக்கும் நிக்கும். ஒங்களுக்குத்தான் மருமகன் வந்த சந்தோசத்தில குறை தெரியுது." அதற்குமேல் அவரிடம் அலவாங்கைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அரசாங்கப் பலகை, முறைப்படி செய்வோம் என்று முடிவெடுத்தேன். வெளிநாட்டில் வேலைக்கட்டளை இல்லாமல் ஓர் ஆணி அடித்தவன் இல்லை நான். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு, ஒளிப்பானேன்.

முதல் கந்தோரில், "அது எங்கட போர்ட் இல்ல" என்றார்கள். இரண்டாவது கந்தோரில், "போர்ட் எங்கட. ஆனா ஒழுங்கை எங்கட பொறுப்பு இல்ல" என்றார்கள். மூன்றாவது இடத்திலிருந்து, நான் புதிய பலகை கேட்டு விண்ணப்பித்ததாகவும் அது பரிசீலனையில் இருப்பதாகவும் சிங்களத்தில் பதில் வந்தது. சிங்களம் தெரிந்த ஊர்ப் பல் டொக்டர்தான் அதை வாசித்துச் சொன்னார். நான் புதுப் பலகை கேட்கவே இல்லை. மறுபடி எழுதினேன். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள்.

ஆறாவது மாதம் ஒருவர் மெய்யாகவே பார்வையிட வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவர் பலகையைத் தட்டிப் பார்த்தார், கம்பத்தை ஆட்டிப் பார்த்தார், முன்னுக்கு நின்று ஒரு படம் எடுத்தார். "போர்ட் நல்ல நிலையில இரிக்கி. சாயமும் நல்லம்" என்று எழுதிக்கொண்டார்.

"அம்பு கடலக் காட்டுதே" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஹாஜியார், கடல் எந்தப் பக்கம் எண்டு இஞ்ச ஆருக்குத் தெரியாது? எல்லாருக்கும் தெரியும்தானே."

நான் ஹஜ் செய்தவன் இல்லை. ஆனால் அதைத் திருத்துகிற தெம்புகூட அப்போது எனக்கு இல்லை.

எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டேன் என்று கணக்கில்லை. எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் இதற்குத்தான் பதில் எழுதினேன். ஊரவனுக்குப் பலகை தேவையில்லை ஐயா, வெளியூரவன் ஒருவன் வந்து இந்த அம்பை நம்பினால் அவன் கதி என்ன என்று எழுதினேன். எழுதும்போது என் மனதில் நின்றவன், அலைச்சறுக்க அறுகம்குடாவுக்குப் போகும் வழியில் எங்கள் ஊரில் தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரன். அவனுக்காக இரக்கப்பட்டு இரக்கப்பட்டு எழுதினேன்.

அந்தப் பலகை இப்போது சரியான பக்கத்தில் நிற்கிறது. ஒத்திகை நடந்த அன்று பின்னேரமே நானும் மீரான் காக்காவும் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டோம். கோபத்தையெல்லாம் மறந்து அவரே சீமெந்து குழைத்தார். மொத்தம் ஒன்றரை மணித்தியால வேலை. ஒரு கந்தோரிடமும் கேட்கவில்லை. ஒரு கந்தோரும் இன்றுவரை ஏன் என்று கேட்கவில்லை. ஒத்திகை முழு வெற்றி என்று அறிக்கை போனதாகவும் கேள்வி.

பலகைக்கு முன்னால்

ஒத்திகை அன்று கடற்கரையில், வள்ளம் வராது என்று கையை ஆட்டிக் காட்டி, றிஸ்வானை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். மணலில் செருப்பு இல்லாமல் நின்றிருக்கிறார். அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் பையை மட்டும் எடுத்திருக்கிறார். பாதம் இரண்டும் சிவந்துபோய் இருந்தன.

பலகைக்கு முன்னால் நிறுத்தினேன். அவருடைய கைபேசியை வாங்கி, இது பிழை, முன்னே அந்தப் பக்கம் நின்றது, கலியாணத்துக்காக மாற்றினோம் என்று தட்டித் தட்டி எழுதிக் காட்டினேன். வாசித்தார். எங்கள் கேட்டடிக்கு நடந்து போய், பலகை முன்பு நின்ற இடத்தில் நின்று, எதிரே பார்த்தார். வலது கையை நீட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். மூன்று கந்தோருக்கும் ஒன்பது மாதமாக விளங்காதது அவருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

திரும்பி வந்து எழுதினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வலீமா முடிஞ்ச கிழமை" என்று எழுதினேன்.

"ஷிப்னாக்கு?"

"ஓம்."

"மாமிக்கு?"

"ஓம்."

பிறகு எழுதினார்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

நான் பலகையைப் பற்றி எங்கள் வீட்டில் கதைக்காத நாள் இல்லை. சோறு தின்னும்போது கதைத்தேன். கந்தோர்க்காரரை ஏசியபடி கதைத்தேன். ஜெஸீமா, "ஒங்களுக்கு வேற கதையே இல்லியா" என்று அலுத்துப்போகும் அளவுக்குக் கதைத்தேன். அவரும் அதே மேசையில்தான் இருந்தார். நான் எதற்கோ கோபப்படுகிறேன் என்று பார்த்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு, கறிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிடுவார். அவரோடு எனக்கு இருந்த சைகைகள் நாலு: சாப்பிட்டாச்சா, தேத்தண்ணி, வா, கதவுத் திறப்பு எங்கே. அதற்குமேல் ஒன்று பழக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. வெளியூரவன், வெளியூரவன் என்று நான் ஊரெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மாமனார் மருமகனுக்கு முன்னால் படக்கூடாத வெட்கம். அந்த வெட்கத்தில், யோசிக்காமல், வாய்க்கு வந்ததை எழுதி நீட்டினேன்.

"எல்லாருக்கும் தெரியும்தானே எண்டு இருந்துட்டம் மகன்."

அவர் வாசித்தார். கோபப்படவில்லை. 'எல்லாருக்கும்' என்ற சொல்லின்மேல் ஒரு விரலை வைத்தார். அந்த விரலை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். பிறகு கையை மெல்ல இல்லை என்று ஆட்டினார்.

அவருடைய சைகையொன்று யாரும் சொல்லித் தராமல் எனக்கு விளங்கியது அதுதான் முதல் தடவை.